பலகையில் திருநெல்வேலி, வாயில் தின்னவேலி

கிட்டத்தட்ட ஒரு வருடம் எங்கள் வீட்டில் யாரும் "தின்னவேலி" என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் மகன் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் விழுவான். அம்மம்மா பாவம், பிறந்ததிலிருந்து தின்னவேலிச் சந்தை என்று சொல்லிப் பழகியவர், "அங்காலச் சந்தைக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுப்பார். அவனுக்கு அப்போது நாலரை வயது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியைத்தான் நாங்கள் தின்னவேலி என்போம். ஊர்ப் பலகையில் "திருநெல்வேலி" என்று எழுதியிருக்கிறது. பலகையில் ஒன்றும் வாயில் வேறொன்றும் வந்தால் வாய்தான் பிழை. அவன் கணக்கு அவ்வளவுதான்.

எனக்குச் சுன்னாகத்தில் ஒரு சின்னப் போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. தட்டச்சு, லமினேட்டிங், பைண்டிங் எல்லாம் செய்கிறேன். மகனுக்கு ஓட்டிசம். இப்போது பத்து வயது, தரம் 5. அவன் வாசிக்கப் பழகிய கதையை எழுதச் சொல்லி, கடைக்கு வருகிற இரண்டு மூன்று பெற்றோர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் ஆசிரியரும் இல்லை, வைத்தியரும் இல்லை. எங்கள் வீட்டில் சரிவந்ததையும் சரிவராததையும் சொல்கிறேன். சரிவராததுதான் கூட.

அவன் வாசிக்கப் பழகினான் என்று சொல்வதே பிழை. கதைக்க முதலே வாசித்தான். இரண்டரை வயதில் சுவரில் இருந்த எழுத்து மட்டையைத் தலைகீழாகவும் சொல்வான். மூன்று வயதில் பஸ் நிலையத்தில் என் தோளில் இருந்தபடி "காங்கேசன்துறை", "யாழ்ப்பாணம்" என்று ஒவ்வொரு பஸ்ஸாக வாசித்தான். நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வீடியோ எடுத்துக் கனடாவில் இருக்கிற மைத்துனருக்கு அனுப்பினேன். "டொக்டர்தான் அத்தான்" என்று பதில் வந்தது. எங்கள் ஊரில் வேறு என்ன பதில் வரும்?

அந்தப் பிள்ளை என்னை "அப்பா" என்று கூப்பிட்டதில்லை. தாகம் எடுத்தால் என் கையைப் பிடித்துக் கொண்டுபோய்த் தண்ணீர்ப் பானைக்கு முன்னால் நிறுத்துவான். பிறகு சொல் வந்தது. ஆனால் "தண்ணி வேணுமோ?" என்றுதான் வந்தது. நாங்கள் அவனைக் கேட்கிற கேள்வியே அவன் வாயில் தேவையாகத் திரும்பி வந்தது. "பிந்திக் கதைக்கிற பிள்ளையள் இருக்குதுகள்தானே" என்று அம்மம்மா சொன்னார். நானும் அதைத்தான் நம்பினேன். இவ்வளவு வாசிக்கிற பிள்ளைக்குக் குறை இருக்கும் என்று எந்தத் தகப்பன் நினைப்பான்?

விஜயதசமிக்கு ஏடு தொடக்கக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். குருக்கள் அரிசியில் "அ" எழுத அவன் விரலைப் பிடித்ததும் கையை இழுத்துக்கொண்டான். பிறகு தானாகவே "அ" எழுதி, அழித்து, "ஆ" எழுதி, அழித்து, அப்படியே போய்க்கொண்டிருந்தான். பின்னால் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். தூக்கினால் கத்துகிறான். அரிசித் தட்டோடுதான் அவனை வெளியே கொண்டுவந்தோம்.

அந்தத் தட்டு பிறகு உதவியது. பென்சில் பிடிக்க அவன் விரலுக்குப் பலம் போதாது. மூன்று வரி எழுத முன்னம் கொப்பி கிழியும். அரிசியில் என்றால் அரை மணித்தியாலம் இருப்பான். "நாங்கள் மண்ணிலை எழுதித்தானே படிச்சம்" என்றார் அம்மம்மா. முற்றத்து மணலிலும் எழுத விட்டோம். பென்சிலை ஒரு வருடம் ஒத்திவைத்ததில் எந்த நட்டமும் வரவில்லை.

பேச்சுச் சிகிச்சை செய்கிற பெண்ணிடம் முதல் முறை போன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தமிழ் பேசுகிற சிகிச்சையாளர்கள் எங்கள் பக்கம் குறைவு, மாதக்கணக்கில் காத்திருந்துதான் திகதி கிடைத்தது. நான் போனவுடனேயே மகனின் வாசிப்பைப் பற்றிப் பெருமை பேசத் தொடங்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் ஒரு கரண்டி, ஒரு கோப்பை, ஒரு பந்து வைத்தார். ஒரு தாளில் "கரண்டியை எடு" என்று எழுதி அவனிடம் நீட்டினார். அவன் தெளிவாக வாசித்தான். வாசித்துவிட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தான். கரண்டி அப்படியே கிடந்தது. "பந்தை உருட்டு" என்று எழுதினார். அதையும் வாசித்தான். பந்தும் கிடந்தது.

"தம்பி நல்லா வாசிக்கிறார். ஆனா அது அவருக்குச் சத்தமாத்தான் இருக்கு, சொல்லா இல்லை" என்றார். திரும்பி வரும்போது நானும் மனைவியும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் மட்டும் வழிநெடுகக் கடைப் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தான்.

இதற்கு ஹைப்பர்லெக்ஸியா என்று பெயர். 1967இல் சில்பர்பேர்க் என்ற தம்பதியர் இந்தப் பெயரை வைத்தார்கள். விளங்குகிற அளவை மிஞ்சிப்போய் எழுத்தைச் சொல்லாக்கும் திறன் முந்தி வந்துவிடுவது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஒரு சிறு பகுதியினரிடம்தான் இது உண்டு. அதைவிட எனக்கு உதவியது, கஃப், டன்மர் என்ற இருவர் 1986இல் எழுதிய ஒரு சின்னக் கணக்கு. எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியை விளங்கும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டினால் அல்ல, பெருக்கினால். ஒன்று நூறாக இருந்தாலும் மற்றது பூச்சியம் என்றால் விடை பூச்சியம். நான் இரண்டு வருடமாக நூறாக இருந்ததை நூற்றுப்பத்தாக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். கதைப் புத்தகம், திருக்குறள், ஆங்கில எழுத்து, சிங்கள எழுத்து என்று என்ன கிடைத்தாலும் முன்னால் வைத்தேன். பலகைகளில் மூன்று மொழியும் இருப்பதால் மூன்றையும் பிடித்துக்கொண்டான். ஒன்றிலும் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை.

அடுத்த முறை போனபோது அந்தச் சிகிச்சையாளர் என்னிடம் கேட்டார்: "வீட்டிலை கரண்டி எடுக்கிறதுக்கு என்னெண்டு சொல்லுவீங்கள்?"

"கரண்டி எடுத்தண்டு வா எண்டு."

"அப்ப அதை எழுதுங்கோ."

எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கடையில் ஒரு ஒற்றெழுத்துப் பிழை வந்தாலே தாளைக் கிழித்துப் போடுகிற ஆள் நான். "எடுத்தண்டு வா" என்று எழுதுவதா? ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நாம் கதைக்கிற தமிழ் ஒன்று, எழுதுகிற தமிழ் இன்னொன்று. சாதாரணப் பிள்ளை இரண்டையும் ஒரு முடிச்சில் தானாகவே கட்டிக்கொள்ளும். "போறன்" என்று கேட்ட பிள்ளைக்கு "போகிறேன்" என்று வாசிக்கும்போது அது இதுதான் என்று ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. என் மகனுக்கு அந்த முடிச்சு விழவேயில்லை. அவனுக்கு அவை இரண்டு வேறு மொழிகள். அதற்கு மேலே யூரியூப் கார்ட்டூனிலிருந்து மூன்றாவது ஒன்று: "அப்பா, இங்க வாங்க, பாருங்க!" அம்மம்மா சிரித்துவிட்டு "இந்தியாக்காரர் ஒராள் வீட்டிலை இருக்கிறார்" என்பார்.

சரி, அன்றிலிருந்து வீட்டுப் பேச்சை எழுத ஆரம்பித்தேன். முதலில் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். லமினேட் மெசின் கையில் இருக்கிறதே என்று வீட்டில் உள்ள அத்தனை பொருளுக்கும் பெயர் அடித்து, லமினேட் பண்ணி ஒட்டினேன். கதவு, கட்டில், மின்விசிறி, உரல். மகன் காலையில் எழும்பி வீடு முழுக்கச் சுற்றி எல்லாவற்றையும் வாசிப்பான், கதவைத் திரும்பியும் பார்க்க மாட்டான். எழுத்து வெறியனுக்கு இன்னும் நாற்பது பலகை நட்டுக் கொடுத்ததுதான் மிச்சம். மட்டைகளைக் கையில் கொடுத்தால் அதைவிட மோசம். பளபளப்பில் வெளிச்சம் விழுகிற விதத்தைச் சரித்துச் சரித்துப் பார்த்துக்கொண்டு இருப்பான். பிறகு லமினேட்டை விட்டுவிட்டுச் சவர்க்காரப் பெட்டி மட்டையை வெட்டி, கறுப்புப் பேனையால் எழுதினேன். மின்னாது, சத்தம் போடாது, கிழிந்தால் இன்னொன்று.

பெயர்ச்சொல்லை விட்டு வினைச்சொல்லுக்கு வந்ததும்தான் ஏதோ அசைந்தது. "குதி." மட்டையைக் காட்டுவேன், நான் குதிப்பேன், மனைவி குதிப்பார், அவனையும் தூக்கிக் குதிக்க வைப்போம். "இரு", "ஓடு", "தா", "மூடு". பத்து நாளில் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது கிழமை ஒரு பின்னேரம் "குதி" மட்டையை அவனே எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே பிடித்தான். நான் குதிக்க வேண்டுமாம். குதித்தேன். இருபது தரமாவது இருக்கும். அவன் எழுத்தைக் கொண்டு இன்னொரு மனிதனை ஏதோ செய்ய வைத்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு "தண்ணி தா" மட்டை பானைக்குப் பக்கத்தில் தொங்கியது. கொஞ்ச நாளில் மட்டை இல்லாமலேயே "தண்ணி தா" வந்தது. "வேணுமோ" போய்விட்டது.

ஏன் மட்டையில் இருந்தால் விளங்கியது, வாயில் சொன்னால் விளங்கவில்லை என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். சொன்ன சொல் காற்றோடு போய்விடும், அதோடு சொல்கிறவரின் முகம், குரல், அவசரம் எல்லாம் சேர்ந்து வரும். எழுதின சொல் இருந்த இடத்தில் இருக்கும், அவன் ஆறுதலாக வரும்வரை காத்துக்கொண்டு நிற்கும்.

தின்னவேலிப் பிரச்சினையும் இப்படித்தான் தீர்ந்தது. ஒரு கொப்பியில் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் "எழுதுறது", வலப்பக்கம் "கதைக்கிறது". திருநெல்வேலிக்கு நேரே தின்னவேலி. பருத்தித்துறைக்கு நேரே பருத்துறை. சாவகச்சேரிக்கு நேரே சாவச்சேரி. கீழே, "ரெண்டும் ஒரே இடம்." அவன் அதை இரண்டு நாள் வாசித்தான். மூன்றாம் நாள் அம்மம்மாவிடம் போய் "தின்னவேலி" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தான். எழுத்தில் வந்துவிட்டதால் இனி அது சட்டம். அந்தக் கொப்பியில் பிறகு "போகிறேன் – போறன்", "இருக்கிறது – கிடக்கு", "வந்தார் – வந்தவர்" என்று பக்கம் பக்கமாக ஏறியது. பாடப்புத்தகத்தில் புது வாக்கியம் வந்தால் முதலில் அதை வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டுத்தான் விளக்கம்.

இதற்குப் பாடசாலையில் எதிர்ப்பு வந்தது. எந்தப் பாடசாலை என்பது வேண்டாம். "வீட்டில கொச்சைத் தமிழ் எழுதிப் பழக்குறீங்கள், பிறகு பரீட்சையில என்ன செய்வீங்கள்?" என்று ஒரு ரீச்சர் கேட்டார். அதே ரீச்சர், வெளியாட்கள் வந்தால் மகனைக் கூப்பிட்டுத் தரம் 5 புத்தகத்தை வாசிக்கச் சொல்லிக் கைதட்ட வைப்பார். அவன் அப்போது தரம் 1. கைதட்டல் சத்தத்தில் மேசைக்கு அடியில் போய் இருந்துவிடுவான். எனக்குக் கோபம் வந்தது உண்மை. பிறகு வந்த ஆசிரியை கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கும் இப்படி ஒன்று போட்டார். ஆள் மாறினால் எல்லாம் மாறும் என்பதுதான் எங்கள் அனுபவம். முறையிடப் போய் அலைந்த நாட்களை விட, நல்ல ஆசிரியை ஒருவரோடு பத்து நிமிடம் கதைத்தது உதவியது.

எழுத்து வடிவம் பற்றி ஒரு இடைச்சொருகல். தமிழில் 247 எழுத்து என்று பயப்பட வேண்டாம், படம், மடம், பட்டம் எல்லாவற்றுக்கும் மூன்று வடிவமும் ஒரு புள்ளியும் போதும். ஆனால் "கொ" மாதிரி எழுத்துகள் மகனை ஒரு காலம் குழப்பின. கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, பிறகு க, பிறகு அரவு என்கிற கால். காதில் வருவதோ க் முதலில். கடையில் நான் பழைய பாமினி எழுத்துருவில் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பான். அதில் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கிலேயே கொம்பு, க, அரவு என்று அடிக்க வேண்டும். போனில் க அடித்துவிட்டு ஒகரக் குறியை அமத்தினால் இரண்டு பக்கமும் ஒன்றாக முளைக்கும். இரண்டையும் மாறி மாறி அடித்து ஒரு கிழமையில் அவனே பிடித்துக்கொண்டான். பென்சிலோடு சண்டை பிடிக்கிற பிள்ளைக்குக் கீபோர்ட்டைக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

வாக்கியம் விளங்கியது. கதை விளங்கவில்லை. அது வேறொரு மலை.

பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். "நரி வந்தது. காகத்தைப் பார்த்தது. பாட்டுப் பாடச் சொன்னது. வாயைத் திறந்தது." வாயைத் திறந்தது யார்? தமிழில் எழுவாயைத் தூக்கிவிட்டு வினைமுற்றோடு போய்விடுவோம். நரியும் "அது", காகமும் "அது", வடையும் "அது". மகன் நரி வாயைத் திறந்தது என்றுதான் சொன்னான், அந்த நாலு வரியில் அதில் பிழையும் இல்லை. 2004இல் வந்த ஓர் ஆய்வு, ஓட்டிசம் உள்ள மாணவர்களிடம் மூன்று உத்திகளைப் பார்த்தது: முன்கூட்டிக் கேள்வி கேட்பது, விடுபட்ட சொல்லை நிரப்புவது, அவன், அது போன்ற சொற்கள் யாரைக் குறிக்கின்றன என்று நிறுத்திக் கேட்பது. மூன்றாவதுதான் கைகொடுத்தது. நாங்கள் அதை இப்படிச் செய்தோம்: ஒவ்வொரு வினைமுற்றுக்கும் மேலே சின்னதாக ஆளின் பெயரை அவனே எழுத வேண்டும். "சொன்னது" என்பதற்கு மேலே நரி. "திறந்தது" என்பதற்கு மேலே காகம். அலுப்பான வேலைதான், ஆனால் அவனுக்கு அலுக்கவில்லை. பட்டியல் போடுவது அவனுக்குப் பிடிக்கும்.

அது யார் என்ற கேள்விக்குத் தீர்வு. ஏன் என்ற கேள்விக்கு அது போதவில்லை. "நரி ஏன் பாடச் சொன்னது?" என்றால் "பாட்டுக் கேட்க" என்பான். பத்து நாள் விளக்கினேன், பலனில்லை. ஒரு வெள்ளிக்கிழமை உழுந்து வடை சுட்ட நேரத்தில் மனைவிக்கு யோசனை வந்தது. நான் காகம். வாயில் வடையோடு கதிரையில் ஏறி நின்றேன். மனைவி நரி: "இஞ்சேருங்கோ, உங்கட குரல் என்ன வடிவு, ஒரு பாட்டுப் பாடுங்கோவன்." நான் வாயைத் திறந்தேன், வடை விழுந்தது, மனைவி எடுக்க முன்னம் எங்கள் நாய் எடுத்துக்கொண்டு ஓடியது. மகன் உருண்டு உருண்டு சிரித்தான். அந்தக் கிழமை முழுக்க நான் காகம். ஒரு நாள் அவன் காகம், ஒரு நாள் நரி.

இரண்டு கிழமை கழித்து அம்மம்மா பாவற்காய்க் கறியை அவன் கோப்பையில் போட்டு, "இண்டைக்குக் கைக்கேல்லை மோனை, இனிப்பாத்தான் கிடக்கு" என்றார். அவன் கறியைப் பார்த்தான், அம்மம்மாவைப் பார்த்தான், "நரி" என்றான்.

அதைவிட நல்ல விடையை எந்தப் பரீட்சைத் தாளிலும் நான் எதிர்பார்க்கவில்லை.

நாளாந்த வாழ்க்கைக்கு எங்களுக்கு மிகவும் உதவியது, அவனைப் பற்றி நாங்களே எழுதுகிற ஒரு பக்கக் கதைகள். அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த முறை அது, சமூகக் கதை என்பார்கள். செய்யாதே, கத்தாதே என்று கட்டளை போடாமல், என்ன நடக்கும் என்று ஆறுதலாகச் சொல்ல வேண்டும். சலூனுக்குப் போக நான் எழுதியது: "நாளைக்குச் சலூனுக்குப் போறம். அண்ணா வெள்ளைத் துணி போடுவார். மெசின் இர்ர்ர் எண்டு சத்தம் போடும். நோகாது, கூசும். கூசினா நான் அப்பான்ர கையைப் பிடிக்கலாம். பத்து நிமிசத்தில முடியும். பிறகு ஐஸ்கிறீம்." பத்து நிமிடம் என்று எழுதினால் பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும், ஒரு முறை பதினைந்து ஆனதில் கடைக்காரரின் கண்ணாடி உடைந்தது. நல்லூர்த் திருவிழா 25 நாளுக்கும் ஒரு கதை உண்டு, அதில் எந்த நாள் போவோம், எந்த நாள் போகமாட்டோம் என்பதும் எழுதியிருக்கும். தேருக்குப் போகமாட்டோம். அந்தச் சனத்துக்கு எந்தக் கதையும் காணாது.

அவன் விரும்புவதை வைத்து வாசிக்க விடுங்கள் என்பதை எல்லாரும் சொல்வார்கள். எங்களுக்கு அது ரயில் நேர அட்டவணை. கொடிகாமம், மீசாலை, சங்கத்தானை, சாவகச்சேரி என்று மனப்பாடம். வெறும் பட்டியலாக விடாமல் "11 மணிக்குக் கொடிகாமத்தில நிக்கிறம். சாவகச்சேரிக்கு முதல் எத்தினை இடம்?" என்று கேள்விகளாக்கினோம். முதல், பிறகு, இன்னும், அதுக்குள்ள போன்ற சொற்கள் அதிலிருந்துதான் அவனுக்கு விளங்கத் தொடங்கின. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் கூட்டிப்போவேன். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த கட்டடம், என் அப்பா அந்தக் கதையைச் சொல்லும்போது குரல் மாறும். பேரனுக்கோ புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கிற இலக்கங்கள்தான் சொர்க்கம். இடம் மாறி இருக்கிற புத்தகத்தைக் கண்டால் எடுத்துச் சரியான இடத்தில் வைப்பான். "அமைதி" என்ற பலகையை உரத்து வாசித்து ஒருமுறை எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்ததும் உண்டு.

எங்கள் ஒழுங்கையில் இன்னொரு பிள்ளை இருக்கிறாள், ஒன்பது வயது, அவளுக்கும் ஓட்டிசம். எழுத்து அவளுக்குக் கோடுகள் மட்டும்தான். நான் ஆர்வக்கோளாறில் என் மட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவள் ஜன்னலால் எறிந்துவிட்டாள். அவளின் அம்மா போட்டோவிலிருந்து தொடங்கினார். பால் கிளாஸின் படம், அதற்குக் கீழே "பால்" என்ற முழுச்சொல், படத்தைக் கிழமைக்குக் கிழமை சின்னதாக்கி என்னிடம் அச்சடித்துப் போனார். ஏழு மாதத்தில் ஐந்து சொற்கள். அந்த ஐந்தையும் அவள் காட்டிக் கேட்கிறாள். என் மகன் மூன்று வயதில் வாசித்த ஆயிரம் சொற்களில் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை என்பதை அந்த அம்மாவிடம் சொன்னேன்.

போன தவணை மகன் பாடசாலையில் மூன்று நாள் தொடர்ந்து அழுதான். ஏன் என்று வாயால் சொல்ல அவனுக்கு இன்னும் வராது. போனைக் கொடுத்தேன். "மேல பான் கிரீச் கிரீச்" என்று அடித்தான். தலைக்கு மேலே மின்விசிறி சத்தம் போடுகிறதாம். ஆசிரியையிடம் காட்டினேன். இடத்தை மாற்றினார், அழுகை நின்றது. புலமைப்பரிசில் பரீட்சையை எழுத வைப்பதா விடுவதா என்று வீட்டில் இன்னும் தீர்மானமில்லை. "கதையின் கருத்து யாது?" என்ற கேள்விக்கு இடம் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். அம்மம்மாவுக்கு எழுதத்தான் வேண்டும், மனைவிக்கு வேண்டாம். அவனையும் எழுதிக் கேட்டோம், "யோசிக்கிறன்" என்று பதில் எழுதினான்.

அந்த இரண்டு பத்திக் கொப்பி இப்போது நாலாவது கொப்பி. போன ஞாயிறு அதைப் புரட்டினேன். தெல்லிப்பளை, தெல்லிப்பழை என்று இரண்டு பலகையில் இரண்டு விதமாக இருப்பதைக் கண்டுபிடித்து, இடப்பக்கமே இரண்டையும் எழுதிப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டிருந்தான். அதற்கு என்னிடம் விடை இல்லை. வலப்பக்கத்துக்கு அங்கால் அடிமட்டம் வைத்துப் புதிதாக ஒரு கோடு. மூன்றாவது பத்தி. அதற்குத் தலைப்பு: "அம்மம்மா சொல்லுறது". அதில் இதுவரை ஒரே ஒரு பதிவு: "அங்காலச் சந்தை."